தகட்டில் ஒரு சிவப்பு வட்டம்

“சாம்பல்ல கட்டுனது சாம்பலாத்தான் போகும்னு அன்னைக்கே சொன்னேன். இந்த ஊட்டுல எம்பேச்ச ஆரு கேக்கறா?”

“அது அடுப்புச் சாம்பல் இல்லீங்கத்தை.”

“எந்தச் சாம்பலா இருந்தா என்ன? எரிஞ்சு முடிஞ்சதுதான சாம்பலு. முடிஞ்சுபோனதுல போயி ஒண்ணக் கட்டுவாங்களா?”

“கட்டுறாங்க. பாலங்கூடக் கட்டுறாங்க.”

“பாலத்து மேல லாரி போகுது. நம்ம தொட்டியில புளிச்ச தண்ணியல்லோ நிக்குது.”

இதற்கு அறிவுச்செல்வியிடம் ஒரு பதில் இருந்தது. ஒரு வருடம் உட்கார்ந்து எழுதிய பதில். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் மேற்படிப்புப் படித்தபோது அவள் எடுத்துக்கொண்ட ஆய்வே அதுதான். ஆற்று மணலுக்குப் பதிலாகக் கருங்கல்லை உடைத்துச் சலித்துக் கழுவிய எம்-சாண்ட். சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல். குத்தாமல், வைப்ரேட்டர் போடாமல், தானே ஓடித் தானே மூலைமுடுக்கெல்லாம் போய் உட்காரும் கான்கிரீட். அது புளிப்பிலும் உப்பிலும் எத்தனை காலம் தாங்கும் என்பது கேள்வி. மாமியார் பாவாயி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே இப்போது கேட்டதைத்தான் அவளுடைய பேராசிரியர் வேறு வார்த்தைகளில் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை அத்தையிடம் சொல்ல வாய் வரவில்லை. பதில் சொல்ல வேண்டிய சுவர் வீட்டுக்குக் கிழக்கே, கூப்பிடு தூரத்தில், தோலுரிந்து நின்றது.

ராசிபுரத்திலிருந்து கொல்லிமலை அடிவாரத்துக்குப் போகிற சாலையில் இருந்தது அவர்களுடைய ஜவ்வரிசி மில். மாமனார் வேலுசாமி கையூன்றிக் கரணம் போட்டு உண்டாக்கியது. குச்சிக்கிழங்கை, வெளியூரில் மரவள்ளி என்பதை, அரைத்துப் பாலெடுத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர் ஒரு பகலுக்குள் புளித்துவிடும். அதன் வாடை அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு வாடையாகவே தெரியாது; கல்யாணமாகி வந்த புதிதில் செல்விக்குத் தெரிந்தது, பிறகு அவளுக்கும் தெரியாமல் போயிற்று. ஆனால் மண்ணுக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் பட்ட இடத்தில் புல் கருகும். அதனால்தான் தொட்டி. பழைய செங்கல் தொட்டி கையை விரித்தபோது, கலவைக்குச் செல்வி பொறுப்பு என்றும், கட்டுவதற்கு அவளுடைய அண்ணன் கலைமணி பொறுப்பு என்றும் முடிவாயிற்று. வேலைக்கு வெளியே ஆள் தேட வேண்டியதில்லை, பெண் எடுத்த இடத்திலேயே காண்ட்ராக்டர் இருக்கிறார் என்று வேலுசாமி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

முதல் பருவத்திலேயே சுவரின் மேல்தோல் மாவாக உதிர்ந்தது. இரண்டாவது பருவத்தில் ஜல்லி வெளியே தெரிந்தது, ஈறு கரைந்த வாயில் பல் தெரிகிற மாதிரி. இந்த வருடம் கசிவு கீழ்க்காட்டு அங்காளம்மாளின் கிணற்றுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது.

அங்காளம்மாள் சண்டைக்காரி இல்லை. போன வாரம் ஒரு சொம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து வீட்டுப் படியில் வைத்தாள். “குடிச்சுப் பாருங்கண்ணா” என்றாள். அவ்வளவுதான். வேலுசாமி எடுத்து அண்ணாந்து முழுசாகக் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, தொட்டிக்கு ஒரு வழி பண்ணாமல் இந்தப் பருவத்துக்கு மில் ஓடாது என்று அவளிடம் சொன்னார். அவள் சொம்பை எடுக்காமலே போய்விட்டாள். அதைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் கால் எழவில்லை. படியின் ஓரத்தில் அது அப்படியே இருந்தது.

நாளை ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் பங்காளிகளும் பக்கத்துக் காட்டுக்காரர்களும் தொட்டியைப் பார்க்க வருகிறார்கள். இரண்டே வருடத்தில் ஏன் இப்படியாயிற்று, இனி கட்டினாலும் இப்படித்தான் ஆகுமா என்று கேட்பார்கள். வேலுசாமி மருமகளைக் கேட்டுத்தான் சொல்வார். மருமகளிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

அதுதான் அவளை அரித்தது. சுவர் முதன்முதலில் உதிர்ந்த நாளிலிருந்து அவள் தன் ஆய்வைப் பக்கம் பக்கமாகப் பிரித்துத் தேடிக்கொண்டிருந்தாள். சாம்பல் கூடிவிட்டதா? எம்-சாண்டில் தூசு நின்றுவிட்டதா? ஆய்வுக்கூடத்தில் அமிலத் தொட்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்தும் கூர் மழுங்காத கான்கிரீட் கட்டைகள் அவள் கண்ணுக்குள் இருந்தன. அவை பொய்யா? அவள் பாடம் நடத்துகிற பாலிடெக்னிக்கில், போன வருடம் பிள்ளைகளிடம், இந்தக் கலவை ஆய்வுக்கூடத்தில் நிற்கும், களத்தில் நிற்காது, நானே கட்டிப் பார்த்துவிட்டேன் என்று சொன்னாள். சொன்ன அன்று பேருந்தில் வரும்போது, யாரோ தன் கையிலிருந்து ஒரு பொருளை வாங்கிக்கொண்டு போன மாதிரி விரல்கள் வெறிச்சென்று இருந்தன.

கான்கிரீட் போட்ட நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனி மாதக் காற்று. சென்ட்ரிங் தகடுகள் சடசடத்தன. கலவையோடு முதல் லாரி வந்ததும் அவள் ஓர் இரும்புத் தகட்டைக் கீழே வைத்தாள். அதில் சிவப்புப் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். கூம்பைக் கவிழ்த்து வைத்து, கான்கிரீட்டை நிரப்பித் தூக்கினால் அது தானாகப் பரவி அந்தச் சிவப்புக் கோட்டைத் தொட வேண்டும். தொட்டால் லாரியை இறக்கலாம், தொடாவிட்டால் கூடாது. வேலைக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. அம்மிணி தோசை ஊத்தறாங்க, சட்னி வேணுமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். முதல் தோசை அழகாகப் பரவியது. ஓரம் உருண்டு, நடுவில் ஜல்லி எங்கும் ஒரே சீராக. அந்த லாரி கிழக்குச் சுவருக்குப் போயிற்று. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து மூன்று அச்சுகளில் பிடித்து வைத்தாள்.

லாரி வர நேரமாகி கான்கிரீட் இறுகினால் ஊற்றுவதற்கென்று இரண்டு கேன் மருந்தை அண்ணன் பொறுப்பில் விட்டிருந்தாள். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது, இளகுவதானால் இந்த மருந்தில்தான் இளக வேண்டும் என்று அவனிடமும் கணவன் சபரிநாதனிடமும் தனித்தனியாகச் சொன்னாள். தண்ணீரில் இளகினால் அந்தத் தண்ணீர் பிறகு வற்றிப்போகும், வற்றிய இடமெல்லாம் ஓட்டையாக நிற்கும், புளித்த தண்ணீருக்கு அது திறந்த கதவு என்று தெளிவாக விளக்கினாள். இருவரும் தலையாட்டினார்கள்.

பிறகு பாவாயி கூப்பிட்டனுப்பினாள். அந்தப் பக்கத்தில் கான்கிரீட் போடுகிற அன்று கறிச்சோறு போட வேண்டும். கிடா வெட்டி, வேலைக்காரர்களை உட்காரவைத்து, முதல் பந்தியை வீட்டு மருமகள் கையால் பரிமாற வேண்டும். பரிமாறாவிட்டால் கட்டடம் நிற்காது என்பார்கள். இன்ஜினியரும் மருமகளும் ஒரே ஆளாக இருந்தால் எந்தக் கரண்டியைப் பிடிப்பது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. கைப்பிள்ளை வெண்ணிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்வி குழம்பு வாளியைத் தூக்கினாள்.

அன்றைக்கென்று பைபாஸில் ஒரு கோழித்தீவன லாரி சாய்ந்து கிடந்தது. அடுத்த லாரி வந்து சேர நெடுநேரமாயிற்று. அது வந்த சத்தம் அவளுக்குப் பந்தியிலிருந்தே கேட்டது. வாளியை வைத்துவிட்டு எழப்போனபோது கலைமணியே கையில் போனோடு வந்தான். அவள் கையெல்லாம் குழம்பு. அவனே போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். தகடு, அதில் சிவப்பு வட்டம், வட்டத்தைத் தொட்டு நிற்கிற கான்கிரீட். “தொட்டிருச்சு பாரு செல்வி, எறக்கலாமா?” என்றான். மருந்து போட்டாயா என்று அவள் கேட்டதற்கு எல்லாம் போட்டாயிற்று என்றான். யாரோ எலும்பு கேட்டார்கள். “சேரி, எறக்குங்ணா” என்றாள். மற்ற மூன்று சுவர்களும் அப்படிப் படம் பார்த்து இறக்கிய லாரிகளில் வந்தவைதான்.

இன்று சோறு கொதி அடங்கியதும் அடுப்பைத் தணித்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போனாள். புரட்டாசி சனி. மலைமேல் மேகம் படுத்திருந்தது. இறங்கி வரும்போல இருந்தது, வரவில்லை. காட்டில் குச்சிக்கிழங்குச் செடி ஆள் உயரத்துக்கு நின்று, இன்னும் ஒரு மாதத்தில் பிடுங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீரை இறைத்துவிட்டார்கள். அடியில் படிந்த கிழங்குச் சக்கையை, திப்பிச் சேற்றை, இரண்டு பெண்கள் மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வருவதைக் கண்டதும் ஒருத்தி, சேற்றிலிருந்து ஒரு வெங்காய மூட்டைப் பையை மண்வெட்டி நுனியில் தூக்கி, “அம்மிணி, இதுல ஆரோ கல்லுப் புடிச்சு முழுகவெச்சிருக்கறாங்க பாருங்க, பொணமோன்னு பயந்துட்டோம்” என்று கரையில் வீசினாள்.

அன்று முதல் லாரியிலிருந்து அச்சில் பிடித்த மூன்று கட்டைகள். சுவர் நிற்கிற தண்ணீரிலேயே அவையும் நிற்கட்டும், அவ்வப்போது எடுத்துப் பார்க்கலாம் என்று கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். முதல் மாதத்திலேயே கயிறு இற்று, பை எங்கோ ஆழத்தில் போய்விட்டது. போனது போனதுதான் என்று விட்டிருந்தாள்.

பையைக் கிழித்தாள். வாய்க்காலில் கழுவினாள். முதல் கட்டையைக் கையில் திருப்பியபோது உள்ளங்கையில் மூலை குத்தியது. மேலே நிறம் மட்டும் வெளுத்திருந்தது. அவள் ஆணியால் கீறிய ‘செ’ அப்படியே படிக்கும்படி இருந்தது. எழுந்து கிழக்குச் சுவரின் உட்பக்கத்தைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. மேற்குச் சுவருக்குப் போய் விரல் நகத்தால் சுரண்டினாள். மாவு வந்தது.

கிழக்குச் சுவர் நன்றாக நிற்பது எல்லோரும் பார்த்ததுதான். சபரி அதற்குக் காரணமும் வைத்திருந்தான். தண்ணீர் வந்து விழுவது மேற்கே, அதனால் கிழக்கே வேகம் இல்லை என்பான். வடக்கும் தெற்கும் அரித்திருக்கிறதே என்றால் வெயில் என்பான். அப்போதெல்லாம் அவளும் அதை யோசித்து மண்டையை உடைத்துக்கொண்டாள். இரண்டு பருவமும் அடிச்சேற்றில் புளிப்பு மொத்தமும் குடித்த இந்தக் கட்டைக்கு எந்த வேகம் குறைவு, எந்த வெயில்?

அண்ணன் அந்தச் சமயம்தான் வந்தான். பைக்கை மில் வாசலில் நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன சிவப்புத் தாள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டே கரைமேல் ஏறினான். தை மாதம் வெண்ணிலாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். தோடு எடுத்துவிட்டான், காட்ட வந்திருக்கிறான்.

“பாப்பா எங்க? தூங்குதா? இத மொதல்ல நீ பாரு, கல்லு சேப்பாப் போடச் சொல்லிட்டேன்.”

அவள் பொட்டலத்தை வாங்கவில்லை. கட்டையை அவன் கையில் கொடுத்தாள்.

“இது என்னன்னு தெரியுதுங்ளாண்ணா?”

“நீ அன்னைக்கு அச்சுல புடிச்சதில்ல? இன்னுமா வெச்சிருக்க?”

அவள் கரையில் கிடந்த சுத்தியலை எடுத்து அவன் கையிலிருந்த கட்டையை ஒரு தட்டுத் தட்டினாள். கணீரென்றது. இரண்டடி நடந்து மேற்குச் சுவரில் அதே அளவாக ஒரு தட்டு. சத்தமே வரவில்லை, சுத்தியல் முனை புதைந்து, கொஞ்சம் ஜல்லி உதிர்ந்து தொட்டிக்குள் விழுந்தது. கலைமணி இருபது வருடமாகக் கட்டடம் கட்டுகிறவன். அவனுக்கு வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“அன்னைக்கு லாரி லேட்டாயிருச்சு செல்வி.”

“லேட்டானா ஊத்தச் சொல்லித்தான ரெண்டு கேன் மருந்து குடுத்தேன்?”

“அது அங்க இல்ல.”

“எங்க போச்சு?”

“மல்லசமுத்திரத்துல ஒரு மாடி வேல ஓடிட்டிருந்துச்சு. காலைலயே அங்க அனுப்பிட்டேன். நீ நின்னு எறக்குன மொத லாரி எண்ணெயாட்டம் ஓடுச்சு. இதுக்கு மேல எதுக்கு மருந்துன்னு நெனச்சுட்டேன். லாரி லேட்டாகும்னு எவன் கண்டான்?”

“அப்பறம் எதுல ஓடுச்சு?”

அவன் கட்டையைக் கரையில் வைத்தான். வேட்டியில் கையைத் துடைத்தான்.

“தண்ணியிலதான்.”

சேற்றை வழிக்கிற பெண்களில் ஒருத்தி ஏதோ சொல்ல, இன்னொருத்தி சிரித்தாள். இவர்களைப் பற்றி இல்லை.

“உன்ற வட்டத்தத் தொடற வரைக்கும்தான் ஊத்துனோம் செல்வி” என்றான் கலைமணி. “தொட்டதும் பைப்ப நிறுத்தியாச்சு. அதுக்கு மேல ஒரு டம்ளர் ஊத்தலை. நீ சொன்ன அளவு அதுதான?”

அவன் அதைத் தப்பிக்கச் சொல்லவில்லை, நியாயமாகவே சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஓடுகிற கான்கிரீட் என்றால் அது ஓட வேண்டும், ஓடியது, முடிந்தது. எதனால் ஓடியது என்பது அவனுக்குத் தங்கச்சியின் படிப்புச் சம்பந்தப்பட்ட விஷயம். அவள் தப்பு நடக்காமல் இருக்கப் போட்ட கோடுவரைக்கும் அளந்து தப்புப் பண்ணியிருக்கிறார்கள். அந்தப் படம் கண்முன் வந்தது. குழம்புக் கைக்கு எதிரே நீட்டிய போன். வட்டத்தைத் தொட்டிருந்தது சரி. ஓரத்தில் ஈரமாக ஒரு மினுமினுப்பு இருந்திருக்கும், நடுவில் ஜல்லி மட்டும் குவிந்து நின்றிருக்கும், மாவு நீர்த்துப்போன தோசைபோல. போனில் எது தெரியும்? அண்ணன் முகம்தான் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் சரி என்றாள்.

பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கு உறைத்தது.

“ஊத்துனோம்னா? ஆரு ஆரு?”

“விடு, அதெல்லாம் எதுக்கு இப்ப?”

“ஆருங்ணா?”

கலைமணி பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தான்.

“பைப்ப மாப்ளதான் புடிச்சாரு. உன்னயக் கூப்பிடலாம்னுதான் நான் சொன்னேன். அவருதான், ‘செல்விக்குத் தெரிஞ்சா லாரியத் திருப்பியனுப்பிருவா, அத்தன பேரு பந்தியில உக்காந்திருக்காங்க, அப்பா மொகத்துல முழிக்க முடியாது’ன்னாரு. சேரி, அவுங்க ஊட்டுத் தொட்டி, அவரே சொல்றாரு, நான் என்ன பண்ணட்டும்?”

சாப்பிட வாங்கண்ணா என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். கட்டை கரையிலேயே கிடந்தது.

அன்று அரிசிம்பருப்புச் சோறு. பாவாயி புரட்டாசிக்குக் கறி இல்லையே என்று சம்பந்தி வீட்டுப் பிள்ளையிடம் வருத்தப்பட்டு, நெய்யைத் தாராளமாக விட்டாள். தோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மாமன்னா இப்படியல்லோ இருக்கோணும் என்றாள். சபரிநாதனும் வந்து மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். செல்வி இருவருக்கும் பரிமாறினாள். மோர் கேட்டவருக்கு மோர், ஊறுகாய் கேட்டவருக்கு ஊறுகாய். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் சாப்பிட்டார்கள். இரண்டு வருடமாக இவர்கள் இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறார்கள், தான்தான் கவனிக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

கைகழுவுகிற கல்லருகே சபரி அவளுக்காக நின்றிருந்தான். வெண்ணிலா விழித்து அவன் தோளில் சாய்ந்திருந்தாள்.

“மச்சான் சொல்லிட்டாராக்கு.”

“ம்.”

“அப்பாகிட்டச் சொல்லிராத புள்ள.”

அவள் தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள். அவன் குரலைத் தணித்துப் பேசிக்கொண்டே போனான். கலவை சரிப்படவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். படித்தவர்கள் சோதனை பண்ணுவார்கள், ஒன்று நிற்கும், ஒன்று நிற்காது, அதில் அவளுக்கு என்ன குறைந்துபோகிறது? ஊரில் நாலு நாள் பேசுவார்கள், மறந்துவிடுவார்கள். அவனுக்கு அப்படியில்லை. நாளைக்கு அதே மில்லில் அவன் உட்கார வேண்டும், ஆட்களை வேலை ஏவ வேண்டும். கலைமணிக்கும் அப்படியில்லை, தண்ணீர் ஊற்றுகிற காண்ட்ராக்டர் என்று பெயர் வந்தால் யார் கூப்பிடுவார்கள்? பாப்பாவுக்குக் காது குத்துகிற நேரத்தில் இது எதற்கு?

எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“எங்க தப்புன்னு நான் தேடிட்டே இருந்தேன். நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?”

“உக்காந்திருந்தேன்.”

“சாம்பலு கூடிப்போச்சோன்னு கேட்டேன். மணல்ல தூசு இருந்திருக்குமோன்னு கேட்டேன். இருந்தாலும் இருக்கும்னீங்க.”

“ஆமா.”

“ஒரு நாளாச்சும் சொல்லோணும்னு தோணலீங்களா?”

“தோணுச்சு” என்றான் சபரி. பொய் சொல்லவில்லை. “ஆனா நீயே உன்னயச் சொல்லிக்கிட்ட. அப்பறம் நான் எதுக்கு நடுவுலன்னு உட்டுட்டேன்.”

வெண்ணிலா அவன் தோளிலிருந்து கையை நீட்டினாள். செல்வி ஈரக்கையோடு வாங்கிக்கொண்டாள். வேண்டுமென்றே குழியில் தள்ளியிருந்தால்கூட ஏதோ ஒரு கோபம், ஒரு காரணம் என்று இருந்திருக்கும். இவன் தள்ளவில்லை. அவள் தொலைக்காத சாவியை அவளோடு சேர்ந்து வீடெல்லாம் தேடினான், சாவியை மடியில் முடிந்துகொண்டு.

பிறகு பகல் இழுத்துக்கொண்டே போயிற்று. மேகம் மலையை விட்டு இறங்கி, நாலு தூறல் போட்டு, மனசு மாறித் திரும்பிப் போயிற்று. மண் வாசமும் திப்பி வாசமும் கலந்து வந்தன. வெகுகாலத்துக்குப் பிறகு அந்தப் புளித்த வாடை அவளுக்குப் புதிதாகத் தெரிந்தது, கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில்போல. பாலிடெக்னிக் பிள்ளைகளை நினைத்தாள். நான் கட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை என்று அவள் சொன்னபோது கடைசி பெஞ்சில் ஒருத்தி அதை ஒழுங்காகக் குறித்துக்கொண்டாள்.

சாயங்காலம் கலைமணி கிளம்புகிற நேரத்துக்கு வேலுசாமி காட்டிலிருந்து வந்தார். துண்டை ஏணைபோல மடித்து அதில் எதையோ கனமாக ஏந்தியிருந்தார். படியில் உட்கார்ந்து, அங்காளம்மாளின் சொம்பை ஒரு பக்கமாக நகர்த்தி, அந்த இடத்தில் அதை வைத்தார். கட்டை. வாய்க்காலில் மறுபடியும் தேய்த்துக் கழுவியிருந்தார்.

“இத ஏன் அம்மிணி கரையிலயே போட்டுட்டு வந்துட்ட?”

“மறந்துட்டேனுங்க மாமா.”

“மறக்கற பொருளா இது?” அவர் விரலை மடக்கி அதன்மேல் தட்டினார். “சேறு வழிக்கற புள்ளைங்க சொன்னாங்க, தொட்டிக்கு அடியிலயே கெடந்துச்சுன்னு. நானும் பாறையில போட்டுப் பாத்துட்டேன், ஒடையல. பேரு வேற எழுதியிருக்கற.” கீறிய எழுத்தின்மேல் பெருவிரலை ஓட்டினார். முகத்தில் அந்தச் சொம்புத் தண்ணீரைக் குடித்த நாளிலிருந்து காணாத ஒரு வெளிச்சம். “டீக்கடையில என்னென்னமோ பேசுனானுங்க. மருமக படிச்சுப் படிச்சுத் தொட்டியக் கரைச்சுட்டாள்னானுங்க. நான் ஒருத்தனுக்கும் பதில் சொல்லல. சொல்ல என்ன இருந்துச்சு எங்கிட்ட?”

வாசலில் பைக்கை உதைக்கப்போன கலைமணி காலை எடுத்துவிட்டான். கதவுநிலையில் சபரிநாதன் பிள்ளையோடு நின்றான். உள்ளேயிருந்து பாவாயி, சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய நிலக்கடலையைப் பையில் கொட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

வேலுசாமி மகனைப் பார்க்கவில்லை. மகன் மச்சானைப் பார்க்கவில்லை. அவர் கட்டையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, சொம்புக்கு நேராக வைத்தார்.

“நாளைக்கு எல்லாரும் வருவாங்க. நான் ஒண்ணும் பேசமாட்டேன். இதத் தூக்கி நடுவுல வெப்பேன். அந்தச் சொவத்துக்குன்னு நீ சொன்ன கலவ இதுதான்னு ஒரே ஒரு வார்த்தை நீ சொன்னாப் போதும். இது நிக்குது, அது ஏன் நிக்கலன்னு அப்பறம் கேப்பாங்க. கேக்கட்டும். ஆரு என்ன பண்ணுனதா இருந்தாலும் அத நான் பாத்துக்கறேன். நீ அந்த ஒரு வார்த்தையச் சொல்லிரு அம்மிணி. சொல்றயா?”